அணிலுக்கு ஏற்ற துவக்கு

துவக்கு என்னும் சொல் கிழக்கிலங்கை வயற்காரருக்குப் புதியதன்று. ஒலுவில், பாலமுனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை ஆகிய ஊர்களின் மேற்கே விரிந்து கிடக்கும் நெல்வயல்களில், கதிர் முற்றும் காலத்தில் காட்டுப் பன்றியும் யானையும் இறங்குவதுண்டு. பரண் கட்டி இராக்காவல் இருப்போர், பயிர்ப் பாதுகாப்புக்கென அனுமதி பெற்ற துவக்கையும் யானைவெடியையும் நன்கு அறிவர். குழலின் முன்வாயால் மருந்தும் சன்னமும் இடித்து நிரப்பப்பட்டமையால் 'இடியன்' எனப் பெயர்பெற்ற பழைய துவக்கின் கதைகளை முதியோர் இன்றும் சொல்வர். அத்தகைய ஊரில், அணிலைச் சுடுவதற்கு எந்தத் துவக்கு ஏற்றது என்று ஒருவர் வினவினால், கேட்போர் நகைக்கவே செய்வர். தென்னோலையில் ஓடித் திரியும் கையளவு பிராணிக்குத் துவக்கு எதற்கு என்பதே அவர்களது மறுமொழியாக இருக்கும்.

ஆயினும், நகைப்புக்கிடமான இதே வினாவை இயற்கை ஆராய்ச்சியாளர் பலர் நூறாண்டுகளுக்கு மேலாக ஊன்றி ஆராய்ந்துள்ளனர். அவர்களுக்கு வேண்டியது அணிலின் இறைச்சியன்று. தோட்டத்தை அணிலிடமிருந்து காப்பதும் அவர்கள் நோக்கமன்று. அணிலின் தோல் முழுமையாகக் கிடைக்க வேண்டும். அதனைப் பாடம் செய்து, உயிருடன் கிளையில் அமர்ந்திருப்பது போலவோ, ஆராய்ச்சிக்குரிய மாதிரியாகவோ, பல தலைமுறைகளுக்குக் காத்து வைக்க வேண்டும். பன்றி வேட்டைக்காரன், விலங்கு விழுமா என்று எண்ணித் துவக்கைத் தெரிகிறான். பாடம் செய்பவனோ, விழுந்தபின் எஞ்சுவது என்ன என்று எண்ணித் துவக்கைத் தெரிகிறான். இவ்வேறுபாட்டை உணர்ந்தால், பிற யாவும் எளிதில் விளங்கும்.

அணில்களை இவ்வாறு சேகரிக்க வேண்டிய தேவை இலங்கையில் ஏன் எழுந்தது என்பதை முதலிற் காண்போர் வியப்படைவர். முதுகில் மூன்று கோடுகள் உடைய சாதாரண அணிலையே பலரும் அறிவர். தென்னந்தோட்டத்திலும் வீட்டுக் கூரையிலும் ஓடித் திரியும் இவ்வணிலின் எடை ஏறத்தாழ 100 கிராம் மட்டுமே. ஈரவலயக் காடுகளில் இதனினும் வேறான இரண்டு சிற்றணில்கள் உள்ளன. ஒன்று, முதுகின் நடுக்கோடு செம்மஞ்சள் நிறமாக ஒளிரும் லேயாட் அணில். மற்றொன்று, கோடுகள் மங்கிக் கருமை படர்ந்த சிறிய அணில். இவற்றோடு, தலையும் உடலும் ஓரடிக்குச் சற்று மேற்பட்ட நீளமும், ஏறக்குறைய அதே அளவு நீண்ட வாலும் உடைய மர அணில் ஈரவலயத்திலும் உலர்வலயத்திலும் வாழ்கிறது. 'தண்டு லேனா' எனச் சிங்கள மக்கள் வழங்குவது இதனையே.

இவ்வணில்கள் வெவ்வேறு இனங்கள் என்பது மரத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்து அறிந்ததன்று. 1846 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து அரசாங்க சேவையில் அமர்ந்த எட்கர் லேயாட் என்பவர், ஓய்வு நேரங்களிற் பறவைகளையும் விலங்குகளையும் சேகரித்தார். அக்காலத்தில் கல்கத்தாவின் வங்காள ஆசியக் கழக நூதனசாலையைப் பராமரித்து வந்தவர் எட்வேட் பிளைத். செம்மஞ்சட் கோடுடைய அணிலை 1849 ஆம் ஆண்டில் அவர் புதிய இனமென விவரித்து, லேயாட்டின் பெயரையே அதற்குச் சூட்டினார். ஒரு நாட்டுக் காட்டில் ஒருவர் எடுத்த தோல், கடல் கடந்து இன்னொருவர் மேசையை அடைந்து பொருள் பெற வேண்டுமாயின், அது சிதையாதிருத்தல் இன்றியமையாதது.

இதற்குப் பின்னர் 1852 ஆம் ஆண்டில், இலங்கையிற் பிறந்த இராணுவ வைத்தியரான எட்வேட் பிரடெரிக் கெலாட் இலங்கைப் பிராணிகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். 1877 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1911 ஆம் ஆண்டில் தொடங்கி 1923 ஆம் ஆண்டுவரை நடாத்திய பாலூட்டிகள் கணிப்பில் இலங்கையும் சேர்க்கப்பட்டது. இங்கே சேகரிப்பை மேற்கொண்டவர் மேஜர் மேயர். அவர் பெயர் இலங்கைக்கே உரிய சுண்டெலி ஒன்றன் விஞ்ஞானப் பெயரில் இன்றும் நிலைத்துள்ளது. அக்கணிப்பின் பயனாக, உலர்வலயத்து மர அணிலை ஒரு தனி உள்ளினமென தோமஸ், ரொட்டன் என்னும் இருவர் 1915 ஆம் ஆண்டில் விவரித்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'தண்டோலேனா' என்பதாகும். கிராமத்தார் வழங்கிய பெயரே இலத்தீன் பெயரின் பகுதியாயிற்று. 1935 ஆம் ஆண்டில், தோட்டத்துரையாக விளங்கிய பிலிப்ஸ் என்பவர் இலங்கைப் பாலூட்டிகள் அனைத்தையும் பற்றிய கைந்நூலை வெளியிட்டார்.

இவர்கள் எல்லோரும் நம்பியிருந்த சான்றுகள் மூன்று: தோல், மண்டையோடு, பெயர்ச்சீட்டு. தோல் நிறத்தையும் மயிரையும் காட்டும். ஆனால் நிறம் வெயிலாலும் வயதாலும் மாறக்கூடியது. இனத்தை உறுதி செய்வதற்கு மண்டையோட்டின் நீளமும் அகலமும் பற்களின் அமைப்பும் வேண்டும். மங்கிய கோடுடைய சிற்றணில், தென்னிந்திய மலைகளில் வாழும் அணிலோடு ஒரே இனமென நெடுங்காலம் கொள்ளப்பட்டிருந்தது. 2012 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, மண்டையோட்டு அளவுகளை ஒப்பிட்டு, இலங்கை அணில் தனியினமே என்று நிறுவியது. இத்தகைய ஒப்பீட்டிற்கு வேண்டியது நூதனசாலைப் பெட்டிகளில் உறங்கும் முழு மண்டையோடுகளே. அவற்றைச் சுட்டவர் தலையைக் குறிவைத்து மண்டையோட்டை நொறுக்கியிருப்பின், பிற்காலத்தார் எதனை அளந்திருப்பர்?

இந்நோக்கத்தை மனத்திற் கொண்டு, துவக்குகளை ஒவ்வொன்றாக ஆராயலாம்.

துவக்குகள் பொதுவில் இரு வகைப்படும். ஒற்றைக் குண்டை எறிவது ஒரு வகை. ரைபிளும் காற்றுத் துவக்கும் அவ்வகையின. பல சன்னங்களை ஒருங்கே எறிவது மற்றொரு வகை. இதனைச் சன்னத் துவக்கு எனலாம். பயிர்க் காவலர் கையிற் பெரும்பாலும் காணப்படும் 12 போர் துவக்கு இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. '12 போர்' என்பதன் பொருள் சுவையானது. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அவ்வுருண்டை ஒன்று சரியாக நுழையும் அளவுடைய குழலே 12 போர் ஆகும். எனவே இருபது உருண்டைகளாக்கினாற் பெறப்படும் 20 போர் குழல், இலக்கம் பெரிதாயினும், அளவிற் சிறியது. இதற்கு விலக்கானது '.410' எனப்படும் சிறு துவக்கு. அதன் இலக்கம் குழலின் விட்டத்தை அங்குலத்திற் குறிப்பது. அதாவது அரை அங்குலத்திற்கும் குறைவு.

முதலில் ரைபிளை நோக்குவோம். ரைபிள்களிற் சிறியதெனப்படும் .22 ரைபிளின் வழக்கமான குண்டு இரண்டரைக் கிராமிற்குச் சற்று மேற்பட்ட எடையுடையது. இது மிகச் சிறிதெனத் தோன்றும். ஆனால் அணிலின் எடையோ 100 கிராம். அறுபது கிலோ எடையுள்ள மனிதன்மீது ஒன்றரைக் கிலோ ஈயக்கட்டி வினாடிக்கு ஆயிரம் அடி வேகத்தில் மோதுவதை எண்ணிப் பார்த்தால், சிற்றணிலுக்கு நேர்வது யாதென விளங்கும். குண்டு நுழையும் துளை சிறிதாகவும், வெளியேறும் துளை பெரிதாகவும் இருக்கும். நுனியிற் குழிவுடைய குண்டாயின் உடலினுள் விரிந்து தோலையே கிழித்துவிடும். ஆகவே சிற்றணிலுக்கு .22 ரைபிள் ஏற்றதன்று. இரண்டு கிலோ வரை எடையுடைய மர அணிலுக்கு, குழிவற்ற குண்டைப் பயன்படுத்தி இதனைக் கையாளலாம். எனினும் மற்றொரு தடை உள்ளது. அணில் மேலே இருக்கிறது. சுடுபவன் கீழே நிற்கிறான். குறி தவறிய குண்டு வானோக்கிச் சென்று ஒரு மைலுக்கு அப்பாலும் விழக்கூடும். வீட்டோடு வீடு நெருங்கிய கல்முனைக் கரையோரத்தில் இதன் அபாயம் கூறாமலே விளங்கும்.

அடுத்தது காற்றுத் துவக்கு. அழுத்தப்பட்ட காற்றால் இயங்கும் இதன் ஈயமணி 4.5 மில்லிமீற்றர் அல்லது 5.5 மில்லிமீற்றர் குறுக்களவுடையது. எடை ஒரு கிராமிற்கு மேற்படுவது அரிது. பதினைந்து, இருபது யார் தூரத்தில் இது நேராகச் செல்லும். துளை சிறிது, ஓசையும் குறைவு. ஆனால் இதன் வலிமை குறைவாதலால், விலங்கு உடனே இறக்க வேண்டுமாயின் தலையிலோ இதயத்திலோ துல்லியமாகப் பட வேண்டும். தலையிற் பட்டால் மண்டையோடு உடையும். வேறிடத்திற் பட்டால் அணில் காயத்தோடு பொந்தினுட் புகுந்து மெல்ல இறக்கும். அதனால் அணிலுக்கு வேதனை, சேகரிப்போனுக்கு வெறுங்கை. கை நடுங்காதவனுக்கன்றி, காற்றுத் துவக்கு பொருந்தாது.

காற்றுத் துவக்கைப் பற்றிப் பேசும்போது சலீம் அலியின் பெயரை விடுத்தல் இயலாது. 1896 ஆம் ஆண்டிற் பிறந்து, இந்தியப் பறவையியலின் தந்தையெனப் போற்றப்பட்ட அவர், சிறுவனாக இருந்தபோது பம்பாயில் விளையாட்டுக் காற்றுத் துவக்கால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தின் கீழே மஞ்சட் புள்ளி ஒன்று தென்பட்டது. வழக்கமான ஊர்க்குருவியில் இல்லாத அப்புள்ளியைக் கண்டு, இதனை முஸ்லிம்கள் உண்ணலாமா என்று ஐயுற்று மாமனாரிடம் எடுத்துச் சென்றார். தாயின் உடன்பிறந்தாரான அம்மாமனார் சிறுவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பினார். அங்கே செயலாளராக இருந்த மில்லாட், பாடம் செய்த பறவைகள் நிறைந்த இழுப்பறைகளைத் திறந்து காட்டி, அது மஞ்சட் கழுத்துக் குருவி என விளக்கினார். 1908 ஆம் ஆண்டின் அச்சந்திப்பே அவர் வாழ்க்கையை மாற்றியது. சிறு துவக்காதலால் கழுத்துப் புள்ளி சிதையாமல் எஞ்சியது. எஞ்சியதனால் வினா எழுந்தது. பன்றிக்குரிய தோட்டாவாற் சுட்டிருப்பின், சில இறகுகளன்றி வேறெதுவும் அச்சிறுவன் கையில் இருந்திராது.

மூன்றாவது, சன்னத் துவக்கு. இங்கே குழலைக் காட்டிலும் சன்னத்தின் அளவே முதன்மையானது. சன்னத்தின் இலக்கம் கூடக்கூட அதன் பருமன் குறையும். மானுக்கும் பன்றிக்கும் உரிய 'எஸ்.ஜீ.' சன்னம் ஓர் அவுன்சுக்கு எட்டு மட்டுமே. ஆங்கில அளவின்படி 6 ஆம் இலக்கச் சன்னம் ஓர் அவுன்சுக்கு ஏறத்தாழ 270. 8 ஆம் இலக்கம் ஏறத்தாழ 450. 12 ஆம் இலக்கச் சன்னமோ கடுகளவே உடையது. 'தூட் சன்னம்' எனத்தக்க இதுவே சிறு பறவைகளையும் சிறு விலங்குகளையும் சேகரிப்போர் நாடுவது. ஒவ்வொரு சன்னமும் தோலில் ஊசித்துளை போன்ற அடையாளத்தையே விடும். மயிர் அதனை மூடிவிடும். பல சன்னங்கள் ஒருங்கே படுவதால் விலங்கு உடனே இறக்கும். மண்டையோட்டைத் துளைக்கும் வலிமை அவற்றிற்குக் குறைவு. அத்துடன், அவை விரைவில் வேகமிழப்பதால் தொலைவிலுள்ளோர்க்கு ஆபத்தும் குறைவு.

இச்சன்னத்தை 12 போர் துவக்கிலிட்டு எறியலாமன்றோ எனச் சிலர் வினவலாம். எறியலாம், ஆனால் மருந்தும் சன்னமும் அளவுக்கு மிஞ்சிச் செல்லும். அணில் பெரும்பாலும் பத்து, இருபது யார் தூரத்திலேயே காணப்படும். அத்துணை அருகில் 12 போரின் சன்னக் கூட்டம் விரியாமற் செறிந்து பட்டு, வாலை அறுத்து, காதைத் தெறித்து, வயிற்றைக் கிழித்துவிடும். ஆதலால் சேகரிப்போர் .410 துவக்கையே பெரிதும் விரும்பினர். அதன் தோட்டாவிற் சன்னம் குறைவு, ஓசை மென்மை, எடை குறைவாதலால் நாள் முழுவதும் தோளிற் சுமக்கலாம். சென்ற நூற்றாண்டிற்கு முற்பட்ட இயற்கை ஆராய்ச்சியாளர் சிலர், கைத்தடி வடிவில் அமைந்த சிறு துவக்குகளையும் கையாண்டனர். இரட்டைக்குழல் 12 போர் வைத்திருப்போர், ஒரு குழலினுள் சிறு குழலொன்றைச் செருகி, ஒரே துவக்கை இரு பயனுக்கும் உரியதாக்கினர். பெரிய விலங்கு எதிர்ப்பட்டால் ஒரு விசை. அணிலோ குருவியோ எதிர்ப்பட்டால் மறு விசை.

மர அணிலுக்கு 12 ஆம் இலக்கச் சன்னம் போதாது. அதன் தோல் தடித்தது. கூந்தல் போன்ற மயிர் அடர்ந்தது. அது இருப்பதும் உயர்ந்த மரத்தின் உச்சியில். தூட் சன்னம் அதனைக் காயப்படுத்துமேயன்றிக் கொல்லாது. அதற்கு 6 ஆம் இலக்கம் போன்ற சற்றுப் பெரிய சன்னமே ஏற்றது. 'சிறிதே சிறந்தது' என்பது விதியன்று. விலங்கை உடனே வீழ்த்தப் போதுமான அளவிற் சிறியதே சிறந்தது என்பதே விதி. இவ்விரண்டு நிபந்தனைகளில் ஒன்றைக் கைவிட்டாலும் உயிர் வீணாகும்.

எங்கே குறிவைப்பது என்பதிலும் பாடம் செய்பவன் பிறரிலிருந்து வேறுபடுகிறான். அமெரிக்காவில் அணிலை இறைச்சிக்காக வேட்டையாடுவோர் பலர் உளர். இறைச்சி சிதையாதிருக்க அவர்கள் தலையையே குறிவைப்பர். பாடம் செய்பவனுக்கோ முகமே உயிர். கண்ணிமை, காதுநுனி, மீசை, உதடு ஆகியவை குலைந்தால் எத்துணைத் திறமையாளனும் அவற்றை மீட்டமைக்க முடியாது. உடலிலுள்ள துளையை உட்புறமிருந்து தைத்து மறைத்துவிடலாம். காட்சிக்கென அமைக்கும் உருவிற்கு உண்மை மண்டையோடுகூட வேண்டியதில்லை. மைசூரில் வான் இங்கன் குடும்பத்தார் நடாத்தி 1999 ஆம் ஆண்டில் மூடப்பட்ட புகழ்பெற்ற நிலையத்தில், புலிக்கும் சிறுத்தைக்கும் கடதாசிக் கூழால் வார்த்த உருக்களின்மீதே தோல் பொருத்தப்பட்டது. அவ்வாறு செய்யுமிடத்து, உண்மை மண்டையோட்டைத் தனியே ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாம். எனவே அணிலின் தோட்புறமே ஏற்ற குறி. வாலும் முகமும் தவிர்க்கத்தக்கன.

துவக்கு எத்துணை ஏற்றதாயினும், சுட்டபின் செய்யும் பிழை அனைத்தையும் கெடுத்துவிடும். விழுந்த அணிலை வாலைப் பிடித்துத் தூக்கலாகாது. வாற்றோல் உறைபோற் கழன்று வந்துவிடும். வாயிலும் காயத்திலும் பஞ்சு அடைத்து இரத்தம் மயிரிற் பரவாமற் காக்க வேண்டும். பட்ட இரத்தத்தைக் குளிர்நீராற் கழுவி, மரத்தூளாலோ மாவாலோ ஈரத்தை உறிஞ்சச் செய்வர். ஒலுவில் போன்ற வெப்பக் கரையோரத்தில், காலையில் வீழ்ந்த விலங்கின் வயிற்று மயிர் மாலைக்குள் உதிரத் தொடங்கும். ஆகையால் சில மணி நேரத்திற்குள் தோலை உரித்து, உட்புறத்திற் பதப்படுத்தும் பொருளைத் தடவுதல் அவசியம். முற்காலத்தார் பாஷாணம் கலந்த சவர்க்காரத்தை இதற்குப் பயன்படுத்தினர். அது பூச்சியைத் தடுத்தது, மனிதனையும் நஞ்சூட்டியது. இன்று வெண்காரம் முதலியவை அதன் இடத்தைப் பெற்றுள்ளன. எனினும் பழைய பாடங்களில் நஞ்சு எஞ்சியிருப்பதால், நூதனசாலைகளில் அவற்றைக் கையுறையின்றித் தொடுவதில்லை.

இறுதியாக, பெயர்ச்சீட்டு. உடல் நீளம், வால் நீளம், பின்னடியின் நீளம், காதின் உயரம் ஆகிய நான்கையும் உரிப்பதற்கு முன்னரே அளந்து, ஆணா பெண்ணா என்பதையும், இடத்தையும், திகதியையும், சேகரித்தவர் பெயரையும் எழுதிக் காலிற் கட்டுவர். மண்டையோட்டிற்கும் அதே இலக்கம் இடப்படும். சீட்டில்லாத தோல் அழகிய பொம்மையேயன்றிச் சான்றாகாது. சிறந்த துவக்காற் சுட்டு, சிறந்த முறையிற் பாடம் செய்து, எங்கே எடுத்ததென எழுதாமல் விட்டால், அவ்வணில் இறந்ததற்கு எவ்விதப் பயனும் இல்லை.

இங்கே இன்னொரு வினா எழுகிறது. இத்தனையும் அறிந்த ஒருவர், இன்று ஒலுவிலில் ஓர் அணிலைச் சுடலாமா? சட்டம் இதில் தெளிவானது. 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றம். பயிர்ப் பாதுகாப்புக்கெனப் பெற்ற துவக்கு பயிர்ப் பாதுகாப்புக்கே உரியது. 1937 ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காட்டுயிர்களைக் காக்கிறது. ஆராய்ச்சிக்கெனப் பிராணிகளைச் சேகரிப்போர் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் முன்னனுமதியைப் பெறல் வேண்டும். இச்சட்டங்கள், லேயாட்டும் கெலாட்டும் இலங்கையிற் சேகரித்த காலத்திற்குப் பின் எழுந்தவை.

மர அணிலின் நிலை இதனை நன்கு விளக்கும். தமிழ்நாட்டில் இதே இனத்தைக் காப்பதற்கென ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988 ஆம் ஆண்டிற் சரணாலயம் அமைக்கப்பட்டது. அங்கே கூடுகளைப் பார்த்தும் நேரிற் கண்டும் அணில்களைக் கணக்கிடுவர். துவக்கிற்கு அங்கே இடமில்லை. இலங்கையிலோ, தென்னை முதலிய பயிர்களுக்கு மர அணில் இழைக்கும் சேதம் பற்றிப் பயிர்செய்வோர் பலகாலும் முறையிட்டு வந்துள்ளனர். 2025 ஆம் ஆண்டு மார்ச் 15 ஆந் திகதி காலை 8 மணி முதல் ஐந்து நிமிடங்களுக்கு, நாடெங்கும் குரங்கு, மயில் ஆகியவற்றோடு மர அணிலையும் கணக்கெடுக்குமாறு மக்கள் கேட்கப்பட்டனர். ஒரு கரையிற் சரணாலயம். மறு கரையிற் சேதக் கணக்கு. உலகளவில் மர அணில் அச்சுறுத்தலை அண்மிக்கும் இனமென இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் குறித்துள்ளது. சேதம் மெய்யே, தென்னங்குரும்பையை இழந்தவனின் துயரும் மெய்யே. ஆனால் எவ்வகை அணில், எவ்விடத்தில், எவ்வளவு என்று அறியாமற் சுடுபவன் தன் பயிரையும் காப்பதில்லை, அறிவையும் வளர்ப்பதில்லை. அணிலை இனங்கண்டு கொள்வதற்கே முன்னோர் அத்துணைப் பாடுபட்டுச் சிறு துவக்கைத் தெரிந்தனர்.

ஒலுவிலில் இப்பாடத்தைக் கற்க விரும்புவோர்க்கு வழி இல்லாமலில்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் அவ்வூரிலேயே உள்ளது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் அண்மையிலுள்ள சம்மாந்துறையில் இயங்குகிறது. அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குச் செல்லும் நெடுவீதியில் வாகனத்தில் அடிபட்டோ, மின்கம்பியிற் பட்டோ, பூனை வாயிற் சிக்கியோ அணில்கள் இறப்பதுண்டு. அவ்வாறு இறந்த அணிலை, திணைக்களத்தின் அனுமதியோடும் விலங்கியல் ஆசிரியரின் துணையோடும், கையுறை அணிந்து எடுத்துப் பாடம் செய்யப் பழகலாம். தோல் சற்றுக் கிழிந்திருக்கலாம். அதனைத் தைக்கக் கற்பதும் கல்வியே. அதன் காலிற் கட்டும் சீட்டில் 'ஒலுவில்' என்ற பெயரும், திகதியும், நான்கு அளவுகளும் பிழையின்றி எழுதப்பட்டால், சுடப்படாத அவ்வணில் சுடப்பட்ட பலவற்றினும் மதிப்புடையதாகும்.

பாடம் செய்யவென்றே சிறு விலங்கொன்றைச் சுட வேண்டிய கட்டாயம் அனுமதி பெற்ற ஆய்வாளர்க்கு இன்றும் எப்போதேனும் நேரலாம். நேருமிடத்து, சிற்றணிலுக்குத் தூட் சன்னமிட்ட .410 துவக்கும், மர அணிலுக்கு 6 ஆம் இலக்கச் சன்னமும், பத்து முதல் இருபது யார் வரையிலான தூரமும், முகத்தையும் வாலையும் விலக்கிய குறியும் ஏற்றவை. அந்தக் கட்டாயம் இல்லாதவர்க்கு, தென்னை நிழலில் அமர்ந்து அணிலின் முதுகுக் கோடுகளை எண்ணிக் குறித்துவைக்க ஒரு கொப்பியும் பென்சிலும் போதுமானவை.